வாத்துக்குளம் கட்ட ஆள் தேடுகிறீர்களா? என் 68,000 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டுத் தேடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ராத்திரி தொட்டிச் சுவர் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் கொல்லையில் ஓடிவிட்டது. 68,000 ரூபாய். அம்மா பால் ஊற்றிச் சேர்த்த காசும் அதில் இருக்கிறது.

எங்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம். அம்மா வீட்டுக்குப் பின்னால் காக்கி கேம்ப்பெல் வாத்துகள் வளர்க்கிறார். வாத்து வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தலையை முக்கிக் கண்ணையும் மூக்கையும் கழுவ அதற்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் இன்றைக்கு ஊற்றினது நாளைக்கே கலங்கி நாறும். தரையில் குழி வெட்டினால் அதை மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். தொட்டியைத் தரைக்கு மேலே கட்டி, சுற்றிலும் வாத்து நிற்கிற மாதிரி ஒரு மேடை, ஏறிவர ஒரு சாய்பலகை போட்டுவிட்டால், அடியிலுள்ள வால்வைத் திறந்தாலே எச்சத்தோடு தண்ணீர் தென்னைக்குப் பாய்ந்துவிடும். அதற்குத்தான் ஆள் தேடினோம்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்புகிற ஒரு செயலி. பெயர் போடவில்லை. அதில் எங்களுக்கு அனுப்பிய ஆளின் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை டிக் இருந்தது. பணத்தைச் செயலியில் கட்டினால் அது அவர்களிடமே இருக்கும், வேலை முடிந்து நாம் ஓ.டி.பி. சொன்ன பிறகுதான் வேலைக்காரருக்குப் போகும் என்று எழுதியிருந்தார்கள்.

வந்த ஆள் முதலில் அளவெடுக்கவில்லை. நொண்டிக்கொண்டிருந்த வாத்தை இரண்டு கையாலும் பதமாகத் தூக்கி, பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அக்கா, காலடியில புண்ணு வெச்சிருக்குதுங்க. இந்த சொரசொர சிமெண்ட்டு மேல ஏறி எறங்கித்தான். மேடை வழவழன்னு இருக்கோணும். புண்ணுக்கு மஞ்சள் வெச்சு, மேடையையும் நானே தேச்சுப் போட்டுத் தர்றேன்" என்றார். அம்மா முகம் மலர்ந்துவிட்டது. அந்த வாத்து நொண்டுவதை அதுவரை எந்த வேலைக்காரரும் கண்டுகொண்டதில்லை. பறவைமேல் இத்தனை கரிசனம் உள்ளவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. அந்தக் கரிசனமே அவருடைய சரக்கு.

சொன்ன கணக்கு இது. நீர் நிற்கிற அளவு 8 அடிக்கு 6 அடி, ஒன்றரை அடி ஆழம். சுவருக்கு ஹாலோ பிளாக் கல், அதன் குழிகளில் கம்பி விட்டுக் காங்கிரீட். உள்ளே தண்ணீர் கசியாமல் இருக்க 500 மைக்ரான் எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) ஷீட். மேடைக்கு 18 மி.மீ. மரைன் பிளைவுட், அதாவது தண்ணீரைத் தாங்குகிற பலகை. 3 இஞ்ச் வடிகால் குழாய், கேட் வால்வு. கூலியோடு 68,000 ரூபாய். கையில் கொண்டுவந்த பிளைவுட் துண்டில் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தர முத்திரையைத் தொட்டுக் காட்டினார்.

லோடு இறங்கிய அன்று, "சரக்கு எறக்குனதுக்கு ஆபீசுல ஒரு நம்பர் கேக்கறாங்கக்கா" என்றார். செல்லுக்கு வந்த குறுஞ்செய்தியில் வெறும் எண் மட்டும்தான், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. சொன்னேன். அது 'வேலை முடிந்தது' என்பதற்கான ஓ.டி.பி.! முதல் கல் வைப்பதற்கு முன்பே 68,000 ரூபாயும் அவர் கணக்குக்குப் போய்விட்டது.

அப்புறம் அவசர அவசரமாக ஏதோ கட்டினார்கள். உடைந்த சுவரை இன்று காலை பார்த்தால் கல் குழிகளில் கம்பியும் இல்லை, காங்கிரீட்டும் இல்லை. அந்த அளவுத் தொட்டியில் ஏறக்குறைய 2,000 லிட்டர் நிற்கும், அதாவது 2 டன். வெற்றுக் கல் அதைத் தாங்குமா? உள்ளே விரித்தது நெல் மூடுகிற தார்ப்பாய். வடிகால் குழாயின் மறுமுனை மண்ணுக்குள் மூடி போட்டுப் புதைந்து கிடக்கிறது, எதனோடும் இணைக்கவே இல்லை. மேடைப் பலகை இரண்டு மழைக்கே ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. விளிம்பில் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்த சாதா பிளைவுட். அந்தச் சிலாம்பு குத்தி, நொண்டின வாத்தின் பாதம் மறுபடி வீங்கியிருக்கிறது. கீரிக்குப் பயந்து ராத்திரியில் கூண்டில் அடைப்பதால் மற்றவை சுவருக்கடியில் சிக்காமல் பிழைத்தன.

பலகை பிரிந்ததுமே அவரை அழைத்தேன். "மழை விடட்டும்ங்கக்கா, வந்து பாக்கறேன்." அடுத்து, "மாமனார் வீட்டுல துக்கம்." அடுத்து எடுக்கவே இல்லை. செயலிக்காரர்கள் அதற்கும் மேல். ஒரு பெண் 48 மணி நேரத்தில் தீரும் என்றார். பிறகு ஒருவர், "நாங்கள் இணைத்துவிடுகிறவர்கள் மட்டும்தான் மேடம், ஓ.டி.பி. கொடுத்துவிட்டால் எங்கள் பொறுப்பு முடிந்தது" என்றார். நேற்று, புகாரை முடித்துவிட்டதாகச் செய்தி அனுப்பிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறார்கள். 68,000 ரூபாயை விழுங்கிவிட்டு நட்சத்திரம்!

கட்டுவது எப்படி என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்கு மனசில்லை. இவ்வளவு மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் நிற்கிற வரைக்கும் எந்த எண்ணையும் யாருக்கும் சொல்லாதீர்கள். முத்திரையை மாதிரித் துண்டில் பார்க்காதீர்கள், இறங்குகிற ஒவ்வொரு பலகையிலும் பாருங்கள். கல் குழியை நிரப்பும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வால்வைத் திறந்து தண்ணீர் வெளியே வருகிறதா என்று பார்த்த பிறகே மண் மூடவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் சொல்லிவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இதே மாதிரி வாத்தின் காலைத் தூக்கிப் பார்த்துப் பேசி யாரிடமாவது பணம் வாங்கியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே வழக்குப் போடலாம்.