சுங்கை சிப்புட் கடையில் வாங்கிய ஆளிவிதை எண்ணெய்

அப்பா செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் பன்றி விரட்ட வைத்திருந்த 12 போர் (bore, குழல் அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கி, போலீஸ் அனுமதியோடு இப்போது என் பெயரில் இருக்கிறது. குழலையும் விசையையும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் கொடுத்துவிட்டு, தோளில் பதிக்கும் வால்நட் மரக்கட்டையை மட்டும் எண்ணெய் பூசி மெருகேற்ற நானே எடுத்துக்கொண்டேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் உள்ள ஹார்ட்வேர் கடையில் ‘பாய்ல்டு’ (சீக்கிரம் காயப் பக்குவப்படுத்திய) ஆளிவிதை எண்ணெய் வாங்கினேன். பக்குவப்படுத்தாத பச்சை எண்ணெயைவிட சீக்கிரம் காயும். ஆனாலும் இந்த மழைக்கு ஒரு பூச்சுக்கு மூன்று நாள் ஆனது. நாலு சொட்டு போதும், உள்ளங்கைச் சூட்டில் தேய்க்க வேண்டும். ஆறாவது பூச்சில் மரத்தின் ரேகை எழுந்து வந்தது. அப்பாவின் கன்னம் பட்டுப் பட்டு வழுவழுப்பான இடமும் தெரிந்தது. அங்கே நான் உப்புத்தாள் போடவே இல்லை.

அப்புறம், எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். நனைத்து, வெளியே விரித்துக் காயவையுங்கள். எண்ணெய் டப்பாவின் மூடி மட்டும் சரியில்லை; கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றிவிட்டேன்.