120 வெள்ளி (ரிங்கிட்) சாஃப்ட்பால் கையுறை, தேறுமா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் மகளுக்காக வாங்கினேன். சாஃப்ட்பால், பேஸ்பால் மாதிரியே பெரிய பந்தில் ஆடுவது. இடைநிலைப்பள்ளி அணியில் சேர்ந்து மூன்று மாதமாக அவளுக்குப் பெஞ்சுதான். களத்தில் ஒன்பது பேருக்குத்தானே இடம். கடைக்காரர் முதலில் கொடுத்தது பேஸ்பால் கையுறை. பேஸ்பால் பந்தின் சுற்றளவு சுமார் 9 அங்குலம், சாஃப்ட்பால் பந்து 12. பந்து விரல் நுனியில் பட்டு நழுவியது. முகத்தைச் சுளித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார், சரி.

புதுசு பலகை மாதிரி விறைப்பு. உள்ளே பந்தை வைத்து, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, ராத்திரி தலையணைக்கடியில் வைத்துப் படுத்தாள். இரண்டு வாரத்தில் படிந்துவிட்டது. இப்போது கடைசி இரண்டு இன்னிங்ஸ் ரைட் ஃபீல்டில் (களத்தின் வலது வெளிப்பகுதியில்) விடுகிறார்கள். கையுறையால் மட்டுமில்லை, தினமும் சாயங்காலம் லயத்துச் சுவரில் எறிந்து எறிந்து பிடிக்கிறாளே! பக்கத்து வீட்டுப் பாட்டிதான் பாவம். மணிக்கட்டு வாரில் தையல் இப்போதே பிரிகிறது.