ஊராட்சிக்கு மரபுச் சின்னமா, லோகோவா?

ஊரைக் குறிக்கக் கேடயத்தில் அமையும் மரபுச் சின்னத்தின் உயிர் படத்தில் இல்லை, அதைச் சொற்களால் விவரிக்கும் வர்ணனையில் இருக்கிறது. சிவப்புக் கேடயம், நடுவே நெடுக்காகக் கறுப்புப் பட்டை, அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வெள்ளிச் சாய்சிலுவைகள் (X வடிவம்): ஆம்ஸ்டர்டாம் சின்னம் இவ்வளவுதான். எந்த ஓவியர் எந்தப் பாணியில் வரைந்தாலும் செல்லும். லோகோவுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு கோடு நகர்ந்தாலும் தவறு.

ஆனால் கைபேசித் திரையில், குப்பை வண்டிக் கதவில் லோகோதான் பளிச்சென்று தெரியும். ஆம்ஸ்டர்டாம் அந்த மூன்று சிலுவைகளை மட்டும் எடுத்து லோகோவாக்கிக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

பாரிஸ் சின்னத்தில் கப்பல். 'அலைக்கழியும், மூழ்காது' என்பது 1853 முதல் அதன் அதிகாரபூர்வ வாசகம். 2015 நவம்பரில் அந்நகரில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் மக்கள் அதையே சுவர்களில் எழுதினார்கள். லோகோ எதற்கும் அந்த வலு வந்து நான் பார்த்ததில்லை.