முதல் டிஎஸ்எல்ஆர் கேமராவைப் பழையதாக வாங்கப் போகிறவர்களுக்கு: என் 38,500 ரூபாய் போன விதம்

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். 38,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கி வந்தது இவைதான்: ஓடி ஓய்ந்த ஒரு கேமரா பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), பூஞ்சை பிடித்த ஒரு லென்ஸ், அந்த பாடியில் ஆட்டோஃபோகஸே ஆகாத, அதாவது தானாக ஃபோகஸ் செய்யாத இன்னொரு லென்ஸ். மூன்றையும் தெரிந்தேதான் என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. சென்னையில், பழைய கேமராக்களை வாங்கி விற்கிற கடை. சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து, 'பிகினர் காம்போ' என்று தினமும் வீடியோ போடுகிறவர்கள். அந்த மாதிரிக் கடைகள் நிறைய இருக்கின்றன, எங்கே போனாலும் ஜாக்கிரதையாக இருங்கள்.

என் மகள் பரதம் ஆடுகிறாள். சபா மேடையில் வெளிச்சம் குறைவு, ஆடுகிறவர்கள் ஒரு நொடி நிற்க மாட்டார்கள், போனில் எடுத்தால் எல்லாமே கலங்கித்தான் வருகிறது. மார்கழிக்குள் ஒரு கேமரா வாங்கிவிட வேண்டும் என்று சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருந்தேன். புதியது வாங்கக் கட்டாது. கேனானும் நிக்கானும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) பக்கம் போய்விட்டதால் கல்யாண போட்டோகிராபர்கள் பலரும் தங்கள் டிஎஸ்எல்ஆர்களை விற்றுவிட்டு மாறுகிறார்கள். அதனால் பழைய பாடிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுத்துத் தேய்ந்தவையும் அதே கூட்டத்தில்தான் வருகின்றன.

கடையில் இருந்தவர் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "என்ன எடுக்கப் போறீங்கக்கா?" என்று கேட்டார். டான்ஸ் என்றதும், "கிட் லென்ஸ் பத்தாதுக்கா. 50 எம்எம் ஒண்ணு வேணும், எஃப் 1.8. இருட்டு மேடைக்கு அதுதான்" என்றார். அந்த வார்த்தையில் பொய் இல்லை, அதுதான் இன்னும் எரிகிறது. கேமராவோடு சேர்ந்தே வருகிற கிட் லென்ஸான 18-55 எம்எம்மை முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6க்குப் போய்விடும். எஃப் எண் ஏற ஏற வெளிச்சம் குறையும். 1.8 அதைவிட ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். எனக்கு எது தேவை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் அலமாரியிலிருந்து பெரிய நிக்கான் பாடி ஒன்றை எடுத்து, அதில் 50 எம்எம் 1.8டி லென்ஸை மாட்டி, வாசலில் நின்ற பைக்கைக் காட்டி பட்டனைப் பாதி அழுத்தினார். டர்ர்ரென்ற சத்தத்தோடு லென்ஸ் திரும்பி டக்கென்று ஃபோகஸ் ஆனது. "பாத்தீங்களாக்கா ஸ்பீடு?" அந்த லென்ஸைக் கழற்றி, மைக்ரோஃபைபர் துணியால் பதமாகத் துடைத்து, எனக்கென்று வைத்திருந்த நிக்கான் டி5600 பெட்டியில் வைத்தார். என் கேமராவில் அதை மாட்டவே இல்லை. ஷட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேட்டதற்குத் தன் போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். எட்டாயிரத்துச் சொச்சம். "டாக்டர் வீட்டு கேமராக்கா, வெளியவே எடுக்கல." பாடி, 18-55, 50 எம்எம், பை, கார்டு எல்லாம் சேர்த்து 38,500. யுபிஐயில் அனுப்பினேன். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி 18 சதவீதம் மேல வரும், உங்களுக்கு எதுக்குக்கா வீண் செலவு? தம்பி மாதிரி நினைச்சுக்கோங்க, எதுன்னாலும் நேரா என்கிட்ட வாங்க" என்று, எஸ்டிமேட் என்று அச்சடித்த ஒரு சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். மாடல் பெயர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை.

வீட்டுக்கு வந்து 50 எம்எம்மை மாட்டினால் திரையில் எஃப்-இ-இ என்று எழுத்து மின்னுகிறது. போன் செய்தேன். "லென்ஸ்ல இருக்கிற ரிங்கை 22ல வெச்சு லாக் பண்ணுங்க." செய்தேன், எழுத்து போனது. பட்டனை அழுத்துகிறேன், லென்ஸ் அசையவே இல்லை. திரும்ப போன் செய்தேன். அதற்கு வந்த பதில்தான் என்னால் மறக்க முடியாதது. "அது மேனுவல்தான்க்கா. கையால ஃபோகஸ் பண்ணிப் பழகுங்க, அப்பதான் போட்டோகிராபி வரும்."

கடையில் டர்ரென்று ஓடிய லென்ஸ் என் கேமராவில் ஏன் ஓடவில்லை? வேறொரு கேமரா மெக்கானிக்தான் லென்ஸைத் திருப்பிக் காட்டி விளக்கினார். அதன் உலோக வளையத்தில் திருப்புளி நுழைகிற அளவுக்கு ஒரு சின்னப் பிளவு இருக்கிறது. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடியிலிருந்து ஒரு தண்டு வந்து அந்தப் பிளவில் பொருந்திச் சுற்றினால்தான் ஃபோகஸ் நகரும். நிக்கானில் டி7000 வரிசை பாடிகளில் அந்த மோட்டார் இருக்கிறது. டி3000, டி5000 வரிசைகளில், அதாவது பிகினர்கள் வாங்குகிற பாடிகளில், இல்லை. பழைய கேமரா விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. தெரிந்ததால்தான் பெரிய பாடியில் மாட்டிக் காட்டினார். ஆடுகிற பெண்ணை எஃப் 1.8ல் கையால் ஃபோகஸ் செய்து பாருங்கள், கண் விழுந்தால் காது கலங்கும், அவள் அரை அடி முன்னால் வந்தால் எல்லாமே போச்சு.

அந்த மெக்கானிக் அதோடு நிறுத்தவில்லை. கார்டில் இருந்த ஜேபெக் படம் ஒன்றை ஷட்டர் கவுன்ட் பார்க்கிற தளத்தில் ஏற்றினார். 1,40,000க்கு மேல். இந்த வகை பாடியின் ஷட்டரைச் சோதித்து நிக்கான் சொல்கிற கணக்கே ஒரு லட்சம்தான். கடைக்காரர் காட்டிய ஸ்கிரீன்ஷாட் எந்த கேமராவுடையதோ. பிறகு 18-55க்குள் டார்ச்சைச் சாய்த்து அடித்தார். முன் கண்ணாடி பளபளவென்று இருக்கிறது. உள்ளே ஓரத்திலிருந்து வெள்ளை நூல்கள் கிளை கிளையாக நடுப்பக்கம் வந்திருக்கின்றன. பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் மூடிய பையில் கிடந்தால் வருவது. சுத்தம் செய்தாலும் கோட்டிங்கை அரித்திருந்தால் தடம் போகாது என்றார்.

கடைக்கு நேரில் போனேன். "அது தூசிக்கா." அடுத்து, "ஓனர் ஊர்ல இல்ல." அடுத்து, "நீங்க என்ன செட்டிங்ஸ் மாத்தினீங்களோ?" கடைசியில் அங்கிருந்த இன்னொருவர், "வீட்டுல சார் இருந்தா அனுப்பி வைங்க மேடம், பேசிக்கலாம்" என்றார். 38,500 நான் உழைத்துக் கட்டிய சீட்டுப் பணம், இதில் சாருக்கு என்ன வேலை? பணம் வாங்கும்போது அக்கா, கேள்வி கேட்டால் மேடம். திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் 15,000க்கு எடுக்கிறார்களாம், அதுவும் பணமாக இல்லை, வேறு பொருளாக. இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கமென்ட்டையும் அழித்துவிட்டார்கள்.

எந்த கேமரா, எந்த லென்ஸ் என்று விரிவாக எழுத நினைத்தேன், இன்று மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கார்டைக் கொண்டு போங்கள், நீங்கள் வாங்கும் பாடியில் எடுத்த படத்தை உங்கள் போனிலேயே ஏற்றி ஷட்டர் கவுன்ட் பாருங்கள். நிக்கானில் இது எளிது. கேனான் படங்களில் பெரும்பாலும் அந்த எண் பதிவாகாது, யுஎஸ்பியில் மாட்டி மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். லென்ஸை வாங்குகிற பாடியிலேயே மாட்டி ஃபோகஸ் செய்யச் சொல்லுங்கள். டி3000, டி5000 வரிசைக்கு ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று, அதாவது மோட்டார் உள்ளேயே இருக்கிற லென்ஸ் என்று, எழுதியிருக்க வேண்டும்; ஆனால் அந்த வரிசைகளின் பழைய பாடிகளில் ஏஎஃப்-பி ஓடாது. கேனான் இஎஃப் லென்ஸ்களில் ஆட்டோஃபோகஸ் மோட்டார் உள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. போன் டார்ச்சை லென்ஸின் இரண்டு பக்கத்திலிருந்தும் அடித்துப் பாருங்கள். சீரியல் நம்பர் போட்ட பில் தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். யுபிஐ ரசீது, எஸ்டிமேட் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு, மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. 38,500 முழுசாக வரும்வரை விடப்போவதில்லை. இதே மாதிரி காம்போ வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் சீட்டைக் கிழித்துப் போடாமல் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.