மரப்பட்டையைக் கொண்டு மரத்தை அறிய ப்ளான்ட்நெட் செயலி

பாலக்காட்டில் கல்பாத்திக்குப் போகும் சாலையோரம், கடைப் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே நிற்கும் ஒரு பெரிய மரத்தின் பெயரை அறியத்தான் ப்ளான்ட்நெட் செயலியைப் பயன்படுத்தத் தொடங்கினேன். அதன் அடிமரம் வெளுத்து வழவழப்பாக இருக்கும். சாம்பல் நிற மேற்பட்டை உள்ளங்கை அகலத்துக்குத் தகடு தகடாக உரிந்து விழ, உரிந்த இடத்தில் இளம்பச்சையும் வெளிர்சிவப்பும் கலந்த புதுப்பட்டை தெரியும். ஓரம் சுருண்டும் விழாமல் ஒட்டியிருந்த ஒரு தகட்டின் அடியில் எறும்புகள் சாரையாக ஊர்ந்துகொண்டிருந்தன. இவ்வளவு அழகான மரத்தை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லையே என்ற ஆதங்கமே என்னைப் பெயர் தேட வைத்தது.

பிரான்சின் பொது ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து 2009இல் தொடங்கிய திட்டம் ப்ளான்ட்நெட். கைபேசிச் செயலியாக 2013இல் வெளிவந்தது. இதற்குக் கட்டணமும் இல்லை, விளம்பரத் தொல்லையும் இல்லை. நாம் அனுப்பும் படம் இலையா, பூவா, காயா, பட்டையா என்று பிரித்துப் பார்ப்பதுதான் இதன் தனிச்சிறப்பு. பூவும் காயும் ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை; உயர்ந்த மரத்தின் இலையோ கைக்கெட்டுவதில்லை. எப்போதும் கண்ணெதிரே இருக்கும் பட்டையையும் தனி உறுப்பாக ஏற்றுக்கொள்ளும் செயலி, நகரத்து மரங்களைப் பார்ப்பவர்களுக்கு மிகவும் வேண்டியது.

ஆனால் பட்டையை மட்டும் கொடுத்து உறுதியான விடையை எதிர்பார்க்கக் கூடாது. பட்டையின் தோற்றம் மரத்தின் வயதுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மாறும். வழவழப்பாக உரியும் வெளிர்பட்டை கேரளத்தில் நீர்மருதுக்கும் உண்டு, வெண்தேக்குக்கும் உண்டு. ப்ளான்ட்நெட் ஒரே பெயரை அடித்துச் சொல்லாமல், பொருந்தக்கூடிய பெயர்களை மதிப்பெண்ணோடு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒப்பிட்டுப் பார்க்கப் படங்களையும் தருகிறது. இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். இதற்கு முன் நான் முயன்ற வேறொரு செயலி தயக்கமே இல்லாமல் தவறான பெயரைச் சொல்லிவிட்டு, மேற்கொண்டு விவரம் அறியச் சந்தா கேட்டது.

மரத்தடியில் தேடினால் விடை எளிதாகிவிடும். நீர்மருதின் காய் நட்சத்திரப்பழத்தைப் போல ஐந்து விளிம்புகள் புடைத்து, கட்டைபோல் கெட்டியாக இருக்கும். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் காம்பு சேரும் இடத்தில் மரு போன்ற இரண்டு சிறு சுரப்பிகள் தென்படும். வெண்தேக்கின் காயோ முற்றியதும் வெடித்துத் திறந்துகொள்ளும். உதிர்ந்த காயையும் இலையையும் பட்டையோடு சேர்த்து அனுப்பியபோது, டெர்மினாலியா அர்ஜுனா, அதாவது நீர்மருது, மற்றப் பெயர்களை வெகுதூரம் பின்தள்ளி முதலிடத்தில் நின்றது. காயும் சுரப்பிகளும் அதற்கு ஒத்திருந்ததால் எனக்கும் ஐயம் எஞ்சவில்லை. திருவிடைமருதூர்க் கோயிலின் தல மரமான மருதம் இதுவே. தஞ்சைச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த கல்பாத்தியில், அந்த மரத்தின் பட்டையை நாட்டுமருந்துக் கடையில் காய்ந்த துண்டாக வாங்கியவர்கள் பலர் இருப்பார்கள். உயிரோடு நிற்கும் மரத்தை அடையாளம் காட்டக்கூடியவர்கள் சிலரே.

பயன்படுத்த நினைப்பவர்கள் காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, கையெட்டும் தூரத்திலிருந்து, உரிந்த பகுதியும் உரியாத பகுதியும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பது நல்லது. விடையை அறிவியற்பெயரோடு குறித்து வைத்துக்கொண்டால், ஊர்ப்பெயர்களால் நேரும் குழப்பம் இராது. செயலி சொன்ன பெயரை மட்டும் நம்பிக் கஷாயத்துக்காகப் பட்டையை வெட்டாதீர்கள்: மருந்துக்குரிய மரமா என்பதை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும், அடிமரத்தைச் சுற்றிலும் உட்பட்டையோடு செதுக்கி எடுத்தால், இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்க வழியின்றி மரமே பட்டுப்போகும்.