டியூலிப் கிழங்கு 10, பூத்தது 3 (காவேரிப்பட்டணத்துல இருந்து)

ஆன்லைன்ல டியூலிப் கிழங்கு வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு இது. விக்கிறவங்க பேரு வேணாம் விடுங்க. 10 கிழங்கு 650 ரூபா, நவம்பர் முதல் வாரம் வந்துச்சு, மரத்தூள் போட்டு பேக்கிங் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ரெண்டு கிழங்கு அமுக்கினா விரல் உள்ள போகுது, பச்சையா பூஞ்சை வேற. பார்க்க கொஞ்சம் பெருத்த சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும், எங்க மாமியார் சாம்பாருக்கு உரிக்கவே உக்காந்துட்டாங்க, நல்லவேளை பார்த்துட்டேன்.

இந்த ஆசை எப்படி வந்துச்சுன்னா, தங்கச்சி கனடாவுல ஆட்டவால இருக்கா. மார்ச் பொறந்தா வீடியோ கால்ல வேற பேச்சே கிடையாது, அக்கா கூரைல தொங்குற ஐஸ் சொட்டுது பாரு, ரோட்டோரம் குவிச்ச பனி கரி மாதிரி ஆயிருச்சு பாரு, வாத்துக் கூட்டம் தெக்கே இருந்து கத்திக்கிட்டே திரும்பி வருது பாருன்னு. மேப்பிள் மரத்துல துளை போட்டு வாளி கட்டுறதும் அப்பத்தானாம், ராத்திரி ஜீரோவுக்கு கீழ போயி பகல்ல மேல ஏறுனாத்தான் அந்த நீர் இறங்குமாம், நம்ம பதநீர் இறக்குற மாதிரி. அப்புறம் மே மாசம் ஊரே டியூலிப். ரெண்டாம் உலகப்போர்ல நெதர்லாந்து இளவரசி ஜூலியானா அங்க தான் தஞ்சம் இருந்தாங்க, 1943ல அங்கேயே ஒரு பொண்ணும் பொறந்துச்சு, போர் முடிஞ்சு 1945ல நன்றிக்கு 1 லட்சம் கிழங்கு அனுப்பி வச்சாங்களாம். நான் ஆசைப்பட்டது வெறும் 10.

சரி விஷயத்துக்கு வரேன். ஏற்கனவே குளிர்ல வச்சு எடுத்தது, நேரா நட்டுடலாம்னு அட்டைல போட்டிருந்துச்சு. நம்பி ரெண்டு நட்டேன், ரெண்டு இலை விட்டு அப்படியே நின்னுருச்சு, பூ இல்ல. தங்கச்சி கிட்ட சொன்னா சிரிக்கிறா. கிழங்குக்கு 12, 14 வாரமாவது நல்ல குளிர் பட்டாத்தான் பனிக்காலம் முடிஞ்சுதுன்னு அதுக்கே புரியுமாம், வெயில் மட்டும் அடிச்சா போதாதாம். மிச்சம் 6 கிழங்கை பேப்பர் பைல சுத்தி ஃபிரிட்ஜ் காய் ட்ரேல வச்சேன். இங்க தான் தப்பு பண்ணேன், மாமாவை ஆஸ்பத்திரில பார்க்க வந்தவங்க குடுத்த ஆப்பிள் எல்லாம் அதே ட்ரேல. பழம் பழுக்கும்போது விடுற எத்திலீன் வாயு பட்டா கிழங்குக்குள்ள இருக்க மொட்டு செத்துருமாம், ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, இது என் தப்பு, கம்பெனி மேல போட முடியாது.

ஜனவரி கடைசில எடுத்து தொட்டில நட்டு, வடக்கு செவுத்தோரம் தண்ணி டேங்க் நிழல்ல வச்சு, தொட்டியைச் சுத்தி ஈரச்சாக்கு போட்டேன். அப்போ பின்னாடி தோட்டத்துல பெங்களூரா மாமரம் பூத்து முடிச்சு மொளகு சைஸ்ல பிஞ்சு, தத்துப்பூச்சி வடிச்ச பிசுபிசுப்பு இலையெல்லாம். இந்த மாமரமும் ராத்திரி குளிர் பட்டாத்தான் ஒழுங்கா பூக்கும், மார்கழில பனி சரியா இல்லேன்னா அந்த வருஷம் பூ கம்மின்னு எங்க மாமனார் சொல்லுவாரு. காசு குடுத்து கிழங்கு வாங்கினப்புறம் தான் அது எனக்கு மண்டைல ஏறுச்சு.

மார்ச் முதல் வாரம் மூணு பூத்துச்சு, செவப்பு. தண்டு ஒரு சாண் கூட இல்ல, குளிர் பத்தலேன்னா அப்படித்தானாம். காலைல கூம்பி இருக்கும், பத்து மணிக்கு மல்லாக்க விரிஞ்சிரும், நாலாம் நாள் இதழ் கொட்டிருச்சு. அந்த நாலு நாளும் பக்கத்து வீட்டு பிள்ளைங்க ஸ்கூல் போற வழில நின்னு பார்த்துட்டுத்தான் போச்சுங்க.

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். மறுபடி அதே கிழங்குல பூ எதிர்பார்க்காதீங்க, நம்ம ஊரு சூட்டுக்கு ஒரு தடவை தான். வாங்கினாலும் அட்டைல இருக்கறதை நம்பாம நீங்களே ஃபிரிட்ஜ்ல வைங்க, பழத்தை வேற இடத்துக்கு மாத்திட்டு. ஃபோட்டோ அனுப்பினேன், தங்கச்சி பதிலுக்கு அவ வீட்டு வாசல் ஃபோட்டோ போட்டா, முழங்கால் அளவு பனி, அடியில எங்கயோ அவ கிழங்கு தூங்குது.