எக்ஸ்இசட்டா எல்ஜிப்பா: வருஷக்கணக்கா வைக்கிற பேக்கப்புக்கு எது?

பழைய தளங்களோட டேட்டாபேஸ் டம்ப், மெயில் எக்ஸ்போர்ட், ஓசிஆர் பண்ணின (ஸ்கேன்ல இருந்து எழுத்தா மாத்தின) தமிழ் டெக்ஸ்ட்டுன்னு நிறைய சேர்த்து வச்சிருக்கேன், எல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்குல தூங்கறது. ரொம்ப நாள் எக்ஸ்இசட்லதான் (xz) சுருக்கி வச்சேன், இப்ப எல்ஜிப்புக்கு (lzip) மாறிட்டேன், ரெண்டுமே ஃபைலைச் சுருக்கற டூல்தான். அதனால எல்ஜிப் பக்கம் சாஞ்சுதான் பேசுவேன், தெரிஞ்சே படிங்க.

சைஸுக்கு சண்டையே வேணாம். ரெண்டுக்குள்ளயும் ஓடறது இகோர் பாவ்லோவ் 7-ஜிப்புக்காக எழுதின எல்இசட்எம்ஏங்கற சுருக்கற முறைதான், எக்ஸ்இசட் அதையே எல்இசட்எம்ஏ2ன்னு இன்னொரு உறை போட்டு வச்சிருக்கு. ஒரே டிக்‌ஷனரி சைஸ் (எவ்வளவு தூரம் பின்னாடி வரைக்கும் ஞாபகம் வச்சுக்கணும்ங்கற அளவு) குடுத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வரும். எக்ஸிக்யூட்டபிள் ஃபைல் நிறைய இருந்தா மட்டும் எக்ஸ்இசட்ல பிசிஜே ஃபில்டர் (ப்ரோக்ராம் கோடை சுருக்க வசதியா முன்னாடியே மாத்திவைக்கறது) போட்டு இன்னும் கொஞ்சம் இறக்கலாம், எல்ஜிப்புல அது கிடையாது. வேகம்தான் முக்கியம்னா இந்த ரெண்டுமே வேணாம், 2016ல ஃபேஸ்புக்ல இருந்து யான் கோலே வெளியிட்ட இசட்ஸ்டாண்டர்டுக்குப் போயிடுங்க. ஆர்ச் லினக்ஸ்காரங்க பேக்கேஜையெல்லாம் எக்ஸ்இசட்ல இருந்து அதுக்கு மாத்தினப்போ மொத்த சைஸ் 0.8 சதவீதம்தான் கூடுச்சு, விரிக்கிற வேகம் சுமார் 1300 சதவீதம் ஏறுச்சுன்னு அவங்களே அறிவிச்சாங்க.

என்னை முடிவெடுக்க வச்சது ஒரே கேள்வி: டிஸ்க்குல ஒரு பைட் கெட்டா மிச்சம் என்ன ஆகும்?

இது புரியணும்னா எல்இசட்எம்ஏ எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பாக்கணும். இப்ப வர்ற துண்டு முன்னாடியே வந்திருக்கான்னு தேடும், வந்திருந்தா 'இத்தனை பைட் பின்னாடி போய் இத்தனை பைட் எடுத்துக்கோ'ன்னு மட்டும் குறிச்சுக்கும். அந்தக் குறிப்பை ரேஞ்ச் கோடர் வாங்கி, அடுத்த பிட் 0 வருமா 1 வருமான்னு இதுவரைக்கும் வந்ததை வச்சு கணிக்கும், கணிப்பு பலிக்க பலிக்க இடம் குறைஞ்சுட்டே வரும். தமிழ் டெக்ஸ்ட் இவ்வளவு நல்லா சுருங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம், யூடிஎஃப்-8ல நம்ம எழுத்துக்குறி ஒவ்வொண்ணும் 3 பைட், அதுல முதல் பைட் எப்பவும் ஒண்ணே, ரெண்டாவதுக்கு ரெண்டே வாய்ப்பு, அதனால அந்த ரெண்டுக்கும் இடமே பெருசா செலவாகாது.

ஆனா ஒவ்வொரு பிட்டும் முன்னாடி வந்த அத்தனையையும் நம்பி நிக்குது. நடுவுல ஒரு பைட் மாறினா அங்கேர்ந்து அந்த ஸ்ட்ரீம் முடியற வரைக்கும் வர்றதெல்லாம் குப்பைதான்.

ஒரு டம்ப்பை ரெண்டு விதமாவும் சுருக்கி, அதோட காப்பில ஹெக்ஸ் எடிட்டரைத் திறந்து நடுவுல ஒரே ஒரு பைட்டை மாத்தி வச்சேன். எக்ஸ்இசட் 'கம்ப்ரெஸ்டு டேட்டா இஸ் கரப்ட்'னு நின்னுடுச்சு, தப்பைக் கரெக்டா பிடிச்சிடுச்சு, அதுல குறை சொல்ல மாட்டேன், ஆனா அதுக்கப்புறம் என்ன பண்றது? அந்தப் பேக்கேஜுல மீட்கற டூல்னு ஒண்ணு கிடையாது. எல்ஜிப்பும் கெட்டுப்போச்சுன்னுதான் சொல்லுச்சு. ஆனா எல்ஜிப்பை எழுதினவரே எழுதின எல்ஜிப்ரெகவர்ல பைட் ரிப்பேர் ஆப்ஷன் குடுத்து விட்டா, பைட்டா மாத்தி மாத்திப் பாத்து, கடைசில இருக்கற சிஆர்சி (டேட்டா சரியான்னு ஒத்துப்பாக்கற எண்) எப்ப ஒத்துவருதோ அப்ப நிறுத்தி, பேர்ல 'ஃபிக்ஸ்டு'ன்னு சேத்து நல்ல ஃபைலை எழுதிக் குடுத்துடுச்சு. விரிச்சு ஒரிஜினலோட ஒப்பிட்டேன், அச்சு அசல் அதே.

இதுக்கு எல்லை உண்டு, ஒரு மெம்பருக்கு (எல்ஜிப் ஃபைலுக்குள்ள தனியா விரிக்கக்கூடிய ஒரு துண்டு) ஒரு பைட் தப்பு வரைக்கும்தான் இது சரிபண்ணும், முழு செக்டாரே (டிஸ்க்குல ஒரு துண்டு இடமே) போனா இந்த வழி ஆகாது. அதுக்கு எல்ஜிப்ரெகவர்லயே மெர்ஜ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. ஒரே எல்ஜிப் ஃபைலை ரெண்டு டிஸ்க்குல காப்பி பண்ணி வச்சு, ரெண்டுமே கெட்டிருந்தாலும், கெட்ட இடம் வேற வேறயா இருந்தா ரெண்டையும் சேர்த்து ஒரு நல்ல ஃபைலை எடுத்துடலாம். அப்புறம் பிஎல்ஜிப்புன்னு மல்டி த்ரெட் வெர்ஷன் இருக்கு, சாதாரண லெவல்ல 16 எம்பிக்கு ஒரு மெம்பரா வெட்டிடும், ஒரு மெம்பர் மீட்கவே முடியாம போனாலும் அந்த 16 எம்பியோட சேதம் நின்னுடும். எக்ஸ்இசட்லயும் மல்டி த்ரெட்ல ப்ளாக் ப்ளாக்கா பிரியும்தான், ஆனா கெட்டதை விட்டு மத்ததை எடுத்துத் தர்ற டூல் கூட வரலையே. இந்த விஷயத்துல ஜூலியன் சீவர்டோட பழைய பிஜிப்2 எவ்வளவோ மேல், 900 கேபிக்கு ஒரு ப்ளாக், ஒவ்வொரு ப்ளாக் தலையிலயும் பை எண்ணோட இலக்கம் 314159265359 இருக்கும், ரெகவர் டூல் அதைத் தேடிப் பிடிச்சு ப்ளாக்கைத் தனித்தனி ஃபைலாக்கிடும். சைஸ் எனக்குக் கட்டுப்படியாகல, அதான் விட்டேன்.

இன்னொண்ணு, எல்ஜிப் ஃபைலை ஹெக்ஸ்ல பாத்தா மொத்தமும் கண்ணுக்குப் புரியும். முன்னாடி 6 பைட்: பேரோட நாலு எழுத்து, வெர்ஷன் ஒண்ணு, டிக்‌ஷனரி சைஸ் ஒண்ணு. பின்னாடி 20 பைட்: சிஆர்சி32 நாலு, ஒரிஜினல் அளவு எட்டு, மெம்பர் அளவு எட்டு. நடுவுல டேட்டா. அவ்வளவுதான், வேற ஆப்ஷனே இல்ல. எக்ஸ்இசட்ல டேட்டா சரியான்னு பாக்கற செக் மட்டுமே சிஆர்சி32, சிஆர்சி64, எஸ்எச்ஏ-256, இல்லேன்னா ஒண்ணுமே இல்லாமன்னு பல விதம். கெர்னல் (லினக்ஸோட உள்மையம்) விரிக்கவேண்டிய ஃபைலுக்கு சிஆர்சி32 போடு, இல்ல செக்கே போடாதேன்னு லினக்ஸ் கெர்னல் டாக்குமெண்ட்லயே சொல்லியிருக்கு, ஆனா எக்ஸ்இசட் டிஃபால்ட்டா போடறது சிஆர்சி64. இருபது வருஷம் கழிச்சு எவனோ திறக்கப்போற ஃபைலுக்கு இத்தனை கிளை எதுக்குங்கறதுதான் என் வாதம். எல்ஜிப் எழுதின அன்டோனியோ டயஸ் டயஸ் எக்ஸ்இசட்டை எதிர்த்து நீளமா எழுதியிருக்கார், போட்டி டூல்காரர்ங்கறதை மனசுல வச்சுதான் அதைப் படிக்கணும், ஆனா இந்தப் பாயிண்ட்ல நான் அவர் கட்சி.

எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1ல பேக்டோர் (திருட்டுத்தனமா உள்ள நுழையற வழி) வந்து, எஸ்எஸ்எச் (தூரத்து மெஷின்ல நுழையற டூல்) லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு 2024 மார்ச்சுல ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தோண்டிக் கண்டுபிடிச்சது எல்லாருக்கும் தெரியும். அதை வச்சு நான் மாறல. ஃபார்மேட் மேல அதுல ஒரு தப்பும் இல்ல.

எல்ஜிப்புக்குப் பெரிய மைனஸ், எல்லா மெஷின்லயும் இருக்காது. எக்ஸ்இசட் பெரும்பாலும் லினக்ஸோடயே வந்துடும், இதை நாமதான் இன்ஸ்டால் பண்ணணும், ஃபைல்களை ஒண்ணா கட்டற குனு டாருக்கு இந்த ஃபார்மேட் தெரியும்னாலும் எல்ஜிப் ப்ரோக்ராம் பக்கத்துல இருந்தாத்தான் விரிக்கும். விண்டோஸ்ல நான் ஓட்டினதில்ல, டேப்லயும் வச்சதில்ல, டிஸ்க் அனுபவம் மட்டும்தான். அடுத்தவங்களுக்கு அனுப்பற ஃபைலை இன்னிக்கும் நான் எக்ஸ்இசட்லதான் போடறேன்.

எக்ஸ்இசட்லயே ஏற்கெனவே குவிச்சு வச்சிருக்கறவங்க எல்லாத்தையும் மறுபடி சுருக்க வேண்டியதில்ல, ஃபைல் பக்கத்துல பார்2ங்கற டூல்ல 10 சதவீதத்துக்கு ரெகவரி ஃபைல் போட்டு வச்சுடுங்க, அது எந்த ஃபார்மேட்டுக்கும் வேலை செய்யும், செக்டார் போனாலும் அந்த அளவுக்குள்ள இருந்தா மீட்டுடும்.